ஓய்வு காக்காத இதயம்

அறுபது வயதைக் கடந்தவரின் இதயம் தேய்ந்துபோன உறுப்பு, அது மேலும் தேயாதிருக்க வேண்டுமானால் உடலை அலட்டிக்கொள்ளாமல் வைத்திருப்பதே வழி என்னும் நம்பிக்கை, மலேசியாவின் ரவாங் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களில் எந்த மருத்துவ அறிவுரையைவிடவும் ஆழமாக ஊன்றியிருக்கிறது. யாரும் இதை நூலாக எழுதி வைத்ததில்லை. ஆனால் வீடுதோறும் அன்றாடம் சொல்லப்படுகிறது. சந்தைப் பையைத் தந்தையின் கையிலிருந்து வாங்கிக்கொள்ளும் மகனும், மாடிப்படி ஏற வேண்டாமென்று மாமியாரைத் தடுக்கும் மருமகளும், பாடுபட்டது போதும் இனி உட்கார்ந்திருங்கள் என்று தாயிடம் கூறும் மகளும் இந்த நம்பிக்கையையே செயலாக்குகிறார்கள். அன்பின் வடிவில் வருவதால் இதை மறுப்பது கடினம். மறுப்பவர் பெரியவர்களிடம் இரக்கமற்றவராகத் தோன்றிவிடுவார். எனினும் கடந்த அறுபது ஆண்டுகளில் இதய இயக்கம் பற்றித் திரண்டுள்ள சான்றுகளை ஒருங்கே வைத்துப் பார்க்கையில், இந்த நம்பிக்கை பிழையானது என்பதோடு தீங்கானது என்பதும் தெளிவாகிறது. முதுமையின் விளைவு என்று எண்ணப்படும் இதயத் தளர்ச்சியில் கணிசமான பகுதி அசையாமையால் வருவது. அந்த அசையாமையைத்தான் ஓய்வு என்ற பெயரில் முதியவர்களுக்கு மருந்தாகக் கொடுத்துவருகிறார்கள்.

முதலில் எதிர்த்தரப்புக்கு உரியதை அதற்குக் கொடுத்துவிட வேண்டும். முதுமை இதயத்தை மாற்றுகிறது என்பதில் ஐயமில்லை. இதயத் துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணு என்னும் சிறு திசுப்பகுதியில் உள்ள உயிரணுக்கள் வயது ஏற ஏறக் குறைகின்றன. அட்ரினலின் போன்ற சுரப்புகள் விடுக்கும் தூண்டுதலுக்கு இதயத்தசை முன்போல் விரைந்து செவிசாய்ப்பதில்லை. இவ்விரண்டும் சேர்ந்து, கடும் உழைப்பின்போது இதயம் எட்டக்கூடிய உச்சத் துடிப்பு வேகத்தை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறைக்கின்றன. 220இலிருந்து வயதைக் கழிக்கும் பழைய கணக்கு பலருக்கும் தெரியும். 2001இல் ஹிரோஃபுமி தனாக்கா குழுவினர் வெளியிட்ட திருத்திய கணக்கின்படி வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிக்க வேண்டும் என்பதால், எழுபது வயதினரின் உச்சத் துடிப்பு நிமிடத்துக்கு 150 என்பதற்கு மாறாக ஏறத்தாழ 159 என்று வருகிறது. எந்தக் கணக்கானாலும் இறங்குமுகம் இறங்குமுகமே, எவ்வளவு பயிற்சி செய்தாலும் இந்த இறக்கத்தைத் தடுக்க இயலாது. புதிய இதயத்தசை உயிரணுக்கள் உருவாகும் வேகமும் குறைகிறது: அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14 மனித உடலில் படிந்திருப்பதை அளவுகோலாகக் கொண்டு சுவீடன் ஆய்வாளர்கள் 2009இல் கணக்கிட்டபோது, இருபத்தைந்து வயதில் ஆண்டுக்கு நூற்றில் ஒன்று என்ற அளவில் புதுப்பிக்கப்படும் இதயத்தசை உயிரணுக்கள், எழுபத்தைந்து வயதில் அதில் பாதிக்கும் குறைவாகவே புதுப்பிக்கப்படுவது தெரியவந்தது.

இவற்றைவிட முக்கியமான மாற்றம் விறைப்பு. இதயம் இரத்தத்தை வெளியே தள்ளும் உறுப்பு என்றே பொதுவாக எண்ணப்படுகிறது. தள்ளுவதற்கு முன் அது தளர்ந்து விரிந்து, நுரையீரலிலிருந்து வரும் இரத்தத்தால் நிரம்ப வேண்டும் என்பது மறக்கப்படுகிறது. முதுமை முதலில் தாக்குவது இந்த நிரம்பும் கட்டத்தைத்தான். இடது கீழறையின் சுவரில் கொலாஜன் என்னும் நார்ப்புரதம் மிகுந்து, அந்த நார்கள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுவதால் அறை எளிதில் விரிவதில்லை. எண்பது வயதில் அறை தொடக்கத்தில் நிரம்பும் வேகம் இளமையில் இருந்ததில் ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. பெருந்தமனியும் இதேபோல் விறைப்பதால் இரத்த அழுத்தத்தின் மேல் எண் உயர்கிறது, விறைத்த குழாய்க்குள் இரத்தத்தைச் செலுத்த வேண்டியிருப்பதால் இதயச் சுவர் தடிக்கிறது. தள்ளும் ஆற்றல் குறையாமலிருந்தும் மூச்சு வாங்குவதும் கால் வீங்குவதுமாக முதியவர்களிடம் காணப்படும் ஒருவகை இதயச் செயலிழப்புக்கு இந்த விறைப்பே அடிப்படை. இனிப்பு நீர் உள்ளவர்களிடம் இது இன்னும் விரைவாக நிகழ்கிறது, ஏனெனில் இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை கொலாஜனோடு ஒட்டி அந்த நார்ப்பிணைப்புகளைப் பெருக்குகிறது. மலேசியாவின் மூன்று பெரிய இனங்களுள் இந்தியர்களிடையே இனிப்பு நீர் விகிதம் மிக உயர்ந்தது என்று தேசிய உடல்நல ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டிவருவதால், ரவாங்கின் தமிழர்களுக்கு இது ஏட்டளவில் நின்றுவிடும் செய்தியன்று.

இத்தனை மாற்றங்களும் உண்மை என்றால் ஓய்வுதானே பொருத்தம் என்ற கேள்வி எழலாம். அந்தக் கேள்விக்கான விடை 1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் நடந்த ஒரு சிறு ஆய்வில் இருக்கிறது. ஐந்தே இளைஞர்களைக் கொண்ட ஆய்வு ஆயினும், இதயமும் முதுமையும் பற்றிய சிந்தனையை இதைப்போல் உலுக்கியது வேறில்லை. இருபது வயதுள்ள நலமான ஐந்து பேர் மூன்று வாரங்கள் படுக்கையிலேயே இருத்தப்பட்டார்கள். உடல் தன் உச்ச உழைப்பில் ஒரு நிமிடத்தில் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பது இதயம், நுரையீரல், தசை மூன்றின் கூட்டுத் திறனைக் காட்டும் அளவை. மூன்று வாரப் படுக்கையால் இந்த அளவை கால்பங்குக்கும் மேல் சரிந்தது, சுருங்கிய இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றிய இரத்தத்தின் அளவும் குறைந்தது. அதே ஐவரும் முப்பது ஆண்டுகள் கழித்து, உடல் எடை கூடி நடு வயதை எட்டிய நிலையில் மீண்டும் அளக்கப்பட்டார்கள். முப்பது ஆண்டு முதுமை அவர்களிடமிருந்து பறித்த திறன், இருபது வயதில் மூன்று வார ஓய்வு பறித்ததைவிடக் குறைவாகவே இருந்தது. நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னர்தான் முதுமையின் இழப்பு அந்த மூன்று வார இழப்போடு சமமானது. ஐம்பது வயதில் ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி பெற்றபோது, முப்பது ஆண்டுகளில் இழந்த உச்சத் திறனை அவர்கள் மீட்டுக்கொண்டார்கள் என்பது இந்த ஆய்வின் இன்னொரு முடிவு. உச்சத் துடிப்பு வேகம் மீளவில்லை. தசைகள் இரத்தத்திலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கும் திறன் வளர்ந்து அந்த இழப்பை ஈடுகட்டியது.

முதியவர் ஒருவரைக் காய்ச்சலுக்குப் பின்னோ சிறு அறுவைக்குப் பின்னோ ஒரு மாதம் நாற்காலியிலிருந்து எழவிடாமல் காத்த குடும்பம், மாதக் கடைசியில் அவர் பத்தடி நடந்ததும் மூச்சு வாங்குவதைக் கண்டு, வயதாகிவிட்டது என்று முடிவுகட்டி ஓய்வை இன்னும் நீட்டிக்கிறது. ஓய்வு உண்டாக்கிய பலவீனமே ஓய்வுக்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. இந்தச் சுழலிலிருந்து பெரும்பாலோர் வெளியே வருவதில்லை.

ஓய்வுக் கொள்கைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களுள் பழமையானது, ஒவ்வோர் உயிருக்கும் இத்தனை துடிப்புகள் என்று விதிக்கப்பட்டிருக்கிறது, ஓடியாடினால் அவை விரைவில் தீர்ந்துவிடும் என்பது. உயிரினங்களை ஒப்பிடுகையில் சிறு விலங்குகளின் இதயம் விரைந்து துடிப்பதும் அவை குறுகிய காலம் வாழ்வதும் உண்மையே. அதிலிருந்து ஒரு தனிமனிதருக்கான வரவுசெலவுக் கணக்கை வரைய இயலாது. அப்படியே ஒரு வாதத்துக்காகத் துடிப்புகள் எண்ணப்பட்டவை என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு ஓய்வுக்கு எதிராகவே முடிகிறது. அசையாமல் இருக்கும் ஒருவரின் இதயம் நிமிடத்துக்கு 75 முறை துடிப்பதாகவும், அவர் நாள்தோறும் ஒரு மணி நேரம் துடிப்பு 120ஐ எட்டும் அளவுக்கு விரைந்து நடப்பதாகவும் கொண்டால், அந்த ஒரு மணி நேரத்தில் கூடுதலாகச் செலவாகும் துடிப்புகள் 2,700. தொடர்பயிற்சியால் ஓய்வுநிலைத் துடிப்பு நிமிடத்துக்குப் பத்து குறைந்தால், மீதி 23 மணி நேரத்தில் மிஞ்சும் துடிப்புகள் 13,800. ஐந்து துடிப்பு மட்டுமே குறைந்தாலும் மிச்சம் செலவைப்போல் இரு மடங்குக்கு மேல் வருகிறது. துடிப்பைச் சேமிக்க விரும்புகிறவர்தான் முதலில் வீட்டைவிட்டு வெளியே இறங்கி நடக்க வேண்டும்.

இரண்டாவது வாதம் ரவாங்குக்கே உரியது, அதனால் அதைக் கவனமாக எடைபோட வேண்டும். ரவாங் உடலுழைப்பால் எழுந்த ஊர். லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் நடத்திய ஈயச் சுரங்கத்தில் 1894இல் மின்விசை பயன்படுத்தப்பட்டதால், மலாயாவில் மின்சாரம் முதலில் வந்த இடம் என்று இன்றும் பேசப்படும் இவ்வூரைச் சுற்றி, பின்னர் ரப்பர்த் தோட்டங்களும் சிமெண்டு ஆலையும் எழுந்தன. இன்று எழுபதைக் கடந்திருக்கும் தமிழர்களில் பலர் தோட்டத்து லயன்களில் பிறந்து, விடியுமுன் பெரட்டு எனப்படும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய், சில நூறு மரங்களைச் சீவி, காண்டா எனப்படும் தோள்தடியில் தொங்கும் வாளிகளில் பால் சுமந்தவர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டுச் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிய பின் பண்டார் கன்ட்ரி ஹோம்ஸ், புக்கிட் செந்தோசா, புக்கிட் பெருந்தோங் போன்ற தாமான்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஓர் ஆயுளுக்குரிய உழைப்பை இருபதிலிருந்து ஐம்பதுக்குள் கொடுத்துவிட்ட இவர்களிடம் போய் உடற்பயிற்சி செய்யுங்கள் என்பது, அவர்கள் பட்ட பாட்டை அவமதிப்பதாகவே காதில் விழுகிறது. அந்த உணர்வு மதிக்கத்தக்கது. ஆனால் அதிலிருந்து பிறக்கும் முடிவு இரண்டு வகையில் தவறுகிறது.

உழைப்பின் பயன் உடலில் வைப்புநிதியாகச் சேர்ந்து வட்டியோடு திரும்புவதில்லை; ஊழியர் சேமநிதியை ஐம்பத்தைந்து வயதில் எடுப்பதுபோல் இருபது வயது உழைப்பை எழுபதில் எடுத்துச் செலவிட முடியாது. பயிற்சியால் வந்த இதய மாற்றங்கள் அசையாமையின் சில வாரங்களிலேயே கரையத் தொடங்குகின்றன என்பதற்கு டல்லாஸ் இளைஞர்களே சான்று. மேலும், கூலி உழைப்பும் பயிற்சியும் இதயத்துக்கு ஒன்றல்ல. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2021இல் வெளியான ஆய்வில், ஓய்வு நேரத்தில் உடலை இயக்கியவர்களிடம் இதயநோய் குறைந்தும், வேலையிடத்தில் கடுமையாக உழைத்தவர்களிடம் மிகுந்தும் காணப்பட்டது. பாரம் தூக்குவது, குனிந்தும் நின்றும் மணிக்கணக்கில் வேலை செய்வது, களைத்த பின்னும் நிறுத்த முடியாமல் தொடர்வது, அடுத்த நாள் உடல் தேறுமுன் மீண்டும் தொடங்குவது ஆகியவை இரத்த அழுத்தத்தை நெடுநேரம் உயர்த்தி வைக்கின்றன. இதயத்தை வலுப்படுத்தும் அளவுக்குத் துடிப்பையோ பெரும்பாலும் உயர்த்துவதில்லை. பால்மரத் தொழிலாளியின் அன்றைய நாளை நினைத்துப் பார்ப்பவருக்கு இந்த விளக்கம் அந்நியமாக இராது. ஆகவே தோட்டத்து உழைப்பு இதயத்தைக் காத்துவிட்டது, இனிப் பயிற்சி வேண்டியதில்லை என்பதற்கும் இடமில்லை. அந்த உழைப்பால் இதயம் தேய்ந்துவிட்டது, ஆகவே இனி அசையக் கூடாது என்பதற்கும் இடமில்லை. அன்று கிடைக்காதது உடல் தேறுவதற்கு அவகாசம் தரும் அளவான இயக்கம். இன்று அது கிடைக்கக்கூடிய நிலை வந்த பின்னும் அவர்களுக்கு அது மறுக்கப்படுகிறது.

வேலையிடத்து இயக்கமும் நன்மை தரும் என்று காட்டிய ஆய்வு உண்டே எனலாம். ஜெரிமி மோரிஸ் 1953இல் வெளியிட்ட ஆய்வில், லண்டனின் இரட்டைத்தட்டுப் பேருந்துகளில் உட்கார்ந்தே வண்டி ஓட்டியவர்களைவிட, நாள்முழுதும் மாடிப்படியில் ஏறி இறங்கிப் பயணச்சீட்டுக் கொடுத்தவர்களுக்கு மாரடைப்பு குறைவாகவும் தாமதமாகவும் வந்தது. ஓட்டுநர்கள் வேலையில் சேரும்போதே பருமனாக இருந்தார்கள் என்பதைச் சீருடை அளவுகளைக் கொண்டு மோரிஸே பின்னர் கண்டறிந்தார் என்பதால் இவ்வேறுபாடு முழுவதையும் படிகளின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆயினும் நடத்துநரின் வேலை, பாரமின்றி, இடைவிட்டு இடைவிட்டு, துடிப்பை உயர்த்தும் இயக்கம். அவ்வகையில் காண்டா சுமப்பதைவிட அது இன்றைய பயிற்சிக்கே நெருக்கமானது.

மூன்றாவது வாதத்தில் அச்சம் இருக்கிறது, அச்சத்துக்கு அடிப்படையும் இருக்கிறது. பூப்பந்து ஆடும்போதோ மெதுவோட்டத்திலோ ஒருவர் சரிந்து விழுந்த செய்தி ஊர் முழுதும் பரவுகிறது; சாய்வு நாற்காலியில் இறந்தவரின் மரணம் இயல்பான மரணமாகிவிடுகிறது. கடும் உழைப்பின்போதும் அதற்கு அடுத்த ஒரு மணி நேரத்திலும் மாரடைப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது மெய்தான். ஆனால் 1993இல் மரே மிட்டில்மன் குழுவினர் வெளியிட்ட கணக்கு, இந்தக் கூடுதல் ஆபத்து யாருக்கு உரியது என்பதைக் காட்டிவிட்டது: வழக்கமாக அசையாமல் இருப்பவர் திடீரெனக் கடுமையாக உழைத்தால் அந்த ஒரு மணி நேர ஆபத்து நூறு மடங்குக்கும் மேல் எகிறுகிறது, வாரத்தில் ஐந்து நாளோ அதற்கு மேலோ உழைத்துப் பழகியவருக்கு அது இரண்டரை மடங்கைத் தாண்டுவதில்லை. அமெரிக்க ஆண் மருத்துவர்களைப் பல்லாண்டு தொடர்ந்த இன்னோர் ஆய்வு, கடும் உழைப்பின் போதோ அதை ஒட்டியோ திடீர் மரணம் நேர்வது ஏறத்தாழப் பதினைந்து லட்சம் முறைக்கு ஒன்று என்று 2000இல் கணக்கிட்டது.

இந்த எண்களை ரவாங்கின் நாட்காட்டியில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆண்டு முழுதும் பெரியவரை அசையவிடாமல் காக்கும் அதே குடும்பம், தைப்பூசத்தன்று அவரைப் பத்துமலைக்கு அழைத்துச் செல்கிறது. உறக்கமில்லாத இரவுக்குப் பின், நெரிசலில், புழுக்கத்தில், சில சமயம் விரத வயிற்றோடு, 272 படிகளையும் அவர் ஒரே மூச்சில் ஏற முயல்கிறார். மிட்டில்மன் கணக்கிட்ட மிகக் கொடிய சூழல் இதுவே: பழகாத உடல், திடீர் உழைப்பு. பக்தியைக் குறைத்துக்கொள்ளுமாறு கேட்பதற்கு இங்கு எந்தத் தேவையும் இல்லை. கார்த்திகையிலிருந்தே வாரத்தில் நான்கைந்து நாள் நடந்து, பின்னர் வீட்டுக்கருகே உள்ள படிகளில் ஏறி இறங்கிப் பழகியவருக்கு அந்த 272 படிகளும் எட்டக்கூடியவை. அந்தப் பழக்கத்துக்குத் தடை போட்டவர்களே அவரைப் பத்துமலை அடிவாரத்தில் ஆபத்தில் நிறுத்துகிறார்கள்.

அச்சத்துக்குப் பயனுள்ள வடிவமும் ஒன்று உண்டு. நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ வலியோ வந்து நின்றதும் அடங்குவது, உழைக்கையில் தலைசுற்றி மயங்குவது, சிறிது நடந்தாலும் வழக்கத்துக்கு மாறாக மூச்சு முட்டுவது, துடிப்பு ஒழுங்கற்றுப் போவது ஆகிய அறிகுறிகள் உள்ளவர்களும், பெருந்தமனி வால்வு கடுமையாகச் சுருங்கியவர்களும் மருத்துவர் பார்த்து அனுமதித்த பின்பே பயிற்சியைத் தொடங்க வேண்டும். பீட்டா தடுப்பான் என்னும் வகை மாத்திரை உட்கொள்வோரின் துடிப்பு மருந்தாலேயே கட்டுப்பட்டிருப்பதால், துடிப்பை எண்ணிப் பயிற்சியின் கடுமையை அளக்கும் முறை அவர்களுக்குப் பொருந்தாது. பேச முடிகிற, ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்குவதே அவர்களுக்கான அளவுகோல். இதற்கு மேற்பட்ட பொதுவான அச்சத்துக்கு மருத்துவத்தில் இடமில்லை.

ஓய்வுக் கொள்கையை மக்களின் அறியாமை என்று ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது, ஏனெனில் அதை நெடுங்காலம் கற்பித்தவர்கள் மருத்துவர்களே. நெஞ்சுவலி நோயை முதலில் விரிவாக எழுதிய ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹெபர்டன், நாள்தோறும் அரை மணி நேரம் மரம் அறுப்பதைக் கடமையாக்கிக்கொண்ட நோயாளி ஒருவர் ஏறக்குறைய முற்றும் குணமடைந்ததைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பதிவு செய்திருந்தார். அந்தக் குறிப்பை மருத்துவ உலகம் பொருட்படுத்தவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதி முழுதும் மாரடைப்பு வந்தவர் வாரக்கணக்கில் படுக்கையிலேயே கிடத்தப்பட்டார், உணவுகூட ஊட்டப்பட்டது. கால் சிரையில் உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலை அடைத்து அவர்களுள் பலர் இறந்தது இதயத்தின் கணக்கிலேயே எழுதப்பட்டது. 1952இல் சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லோனும் நோயாளிகளைச் சில நாட்களிலேயே நாற்காலியில் அமர்த்தியபோது சக மருத்துவர்களே அதிர்ந்தார்கள். அமர்ந்தவர்கள் நலமாகவே தேறினார்கள். 1955இல் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது அவரைப் பார்த்த பால் டட்லி ஒயிட், நடையையும் கோல்ஃபையும் பரிந்துரைத்தார். ஐசனோவர் மறுமுறையும் தேர்தலில் வென்று, 1969 வரை வாழ்ந்தார். மாரடைப்புக்குப் பின்னான மேற்பார்வைப் பயிற்சி, இதயநோய் மரணத்தையும் மீண்டும் மருத்துவமனையில் சேர்வதையும் குறைக்கிறது என்பது இன்று ஐயத்துக்கு அப்பாற்பட்டது. மருத்துவர்கள் எழுபது ஆண்டுகளுக்கு முன் கைவிடத் தொடங்கிய கொள்கை, வீடுகளில் இன்னும் காலாவதியாகாமல் இருக்கிறது.

இனி மறுப்பவர் தரப்பு தன் எல்லையை ஒப்புக்கொள்ள வேண்டிய இடம். ஓய்வுக் கொள்கைக்கு எதிராகப் பேசுவோரில் சிலர், எந்த வயதில் எவ்வளவு நடந்தாலும் இதயம் இளமையாகிவிடும் என்று வாக்களிக்கிறார்கள். சான்று அவ்வளவு தாராளமாக இல்லை. டல்லாஸில் பெஞ்சமின் லெவின் குழுவினர் நடத்திய தொடர் ஆய்வுகள் இதில் மிகத் தெளிவானவை. வாழ்நாள் முழுதும் போட்டிகளுக்காகப் பயின்ற முதியவர்களின் இடது கீழறை, இளைஞர்களுடையதைப் போலவே இளகி விரிந்தது. அசையாமல் வாழ்ந்த முதியவர்களுடையது விறைத்திருந்தது. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் மட்டும் பயின்றவர்களின் அறைக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. நான்கைந்து நாள் என்ற அளவை எட்டியவர்களுக்கே கிடைத்தது என்று 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. எழுபது வயதை ஒட்டித் தொடங்கி ஓராண்டு கடுமையாகப் பயின்றவர்களின் உடல்திறன் உயர்ந்தது, ஆனால் அறைச் சுவரின் விறைப்பு இறங்கவில்லை. 45இலிருந்து 64 வயதுக்குட்பட்ட, அதுவரை அசையாமல் வாழ்ந்த, நலமான அறுபத்தொருவரைக் கொண்டு நடந்து 2018இல் வெளியான ஆய்வோ வேறு விடை தந்தது: வாரத்தில் நான்கைந்து நாள், சில நிமிடம் மூச்சிரைக்கும் வேகமும் இடையே இளைப்பாறலுமான பயிற்சியை உள்ளடக்கி ஈராண்டு பயின்றவர்களின் உச்ச ஆக்சிஜன் திறன் 18 விழுக்காடு உயர்ந்தது, இதய விறைப்பு கால்பங்குக்கும் மேல் குறைந்தது, யோகா, சமநிலைப் பயிற்சி, எடைப்பயிற்சி ஆகியவற்றை மட்டும் செய்த மற்றக் குழுவில் இம்மாற்றம் நிகழவில்லை.

நெடுங்காலம் பயன்படாமல் கிடந்த ரப்பர் இறுகிய பின் எவ்வளவு இழுத்தாலும் பழைய நெகிழ்ச்சிக்குத் திரும்பாததுபோல், இதயச் சுவரும் ஒரு கட்டத்துக்குப் பின் திரும்புவதில்லை; அந்தக் கட்டம் நடு வயதின் இறுதியில் எங்கோ இருக்கிறது. நார்வேயின் டிரொண்ட்ஹைமில் எழுபதைக் கடந்த ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோரை ஐந்தாண்டு தொடர்ந்து 2020இல் முடிவுகளை வெளியிட்ட ஆய்விலும், மேற்பார்வைப் பயிற்சி பெற்றோருக்கும் பொதுவான அறிவுரை மட்டும் பெற்றோருக்கும் இடையே மரண விகிதத்தில் உறுதியான வேறுபாடு தென்படவில்லை. அறிவுரை மட்டும் பெற்றவர்களும் தாமாகவே நன்கு பயின்றுவந்தார்கள் என்பது அதற்கு ஒரு காரணம். மறுபுறம், பல்லாண்டுகள் மிதமிஞ்சி ஓடுவோரிடம் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் கோளாறு சற்று மிகுதியாகக் காணப்படுகிறது. வாரத்தில் நான்கைந்து நாள் விரைந்து நடக்கும் ஒருவர் அந்த எல்லைக்கு வெகு தொலைவில் இருக்கிறார் என்பதால், மாரத்தான் வீரரின் சிக்கலைக் காட்டி அவரைத் தடுப்பதில் பொருளில்லை.

எழுபதில் தொடங்குபவருக்கு என்ன எஞ்சுகிறது? இதயச் சுவர் இளகாவிட்டாலும் இரத்தக் குழாய்களும் கால் தசைகளும் செவிசாய்க்கின்றன. மூன்று மாத நடைப்பயிற்சியே நடு வயதிலும் அதைத் தாண்டியும் இருந்த ஆண்களின் கழுத்துத் தமனியை இளக்கியது என்று தனாக்கா குழுவினர் 2000இல் காட்டினார்கள். சுருங்கி விரியும் தசை, இன்சுலின் உதவியின்றியே இரத்தத்திலிருந்து சர்க்கரையை உறிஞ்சிக்கொள்வதால், இனிப்பு நீர் உள்ளவருக்கு உணவுக்குப் பிந்திய நடை அன்றே பயன் தருகிறது. 70 முதல் 89 வயது வரையுள்ள 1,635 பேரைக் கொண்ட அமெரிக்க ஆய்வு ஒன்றில், நடையும் கால் வலுப் பயிற்சியும் பெற்றவர்களிடம் நானூறு மீட்டர் தூரம் நடக்க இயலாத நிலை 18 விழுக்காடு குறைந்தது என்று 2014இல் தெரியவந்தது. நானூறு மீட்டர் என்பது தாமானின் கடைக்கோடி வீட்டிலிருந்து கடைத்தெருவுக்கு உள்ள தூரம். அதை நடக்க முடிகிறவர் பிறர் தயவின்றி வாழ்கிறார். அறுபத்தைந்தைக் கடந்தவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான இயக்கத்தோடு, இரண்டு நாளாவது வலுப் பயிற்சியும் மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் வேண்டுமென்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்ததும் இதே காரணத்தால்தான். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து அமர்வதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை.

ரவாங்கில் இடத்துக்குப் பஞ்சமில்லை. கோமன்வெல்த் வனப் பூங்காவும் டெம்ப்ளர் பூங்காவும் அருகிலேயே உள்ளன. ஏழு தட்டுகளாக இறங்கும் கஞ்சிங் அருவியின் படிகள் பழகியவருக்கே ஏற்றவை. வெயில் ஏறுமுன் ஏழு மணி வாக்கிலோ மாலை சாய்ந்த பின்போ நடப்பதும், புகைமூட்டம் உள்ள நாட்களில் வீட்டுக்குள்ளோ பேரங்காடியிலோ நடப்பதும் போதுமான முன்னெச்சரிக்கை. உண்மையான பஞ்சம் பெண்களின் நேரத்துக்குத்தான். மூதாட்டிகள் பேரப்பிள்ளைகளையும் அடுப்பையும் கவனித்து நாள்முழுதும் நின்றுகொண்டிருக்கிறார்கள். அது ஓய்வும் அன்று, இதயத்தை வலுவாக்கும் பயிற்சியும் அன்று. அவர்களுக்கென்று நாளில் அரை மணி நேரத்தை ஒதுக்கித் தரும் வீடு அரிது. தாத்தா நடந்துவிட்டு வருவதைப் பெருமையாகச் சொல்லும் குடும்பங்களில்கூடப் பாட்டி தனியே நடப்பது தேவையற்றதாகவே கருதப்படுகிறது. மாதவிடாய் நின்ற பின் பெண்களின் தமனிகள் விரைந்து விறைப்பதாலும், நிரம்ப முடியாமல் வரும் இதயச் செயலிழப்பு முதிய பெண்களிடமே மிகுதியாகக் காணப்படுவதாலும், ஓய்வுக் கொள்கையின் சுமை அவர்கள்மேல்தான் கூடுதலாக விழுகிறது.

தென்னாசியர்களுக்கு முதல் மாரடைப்பு பிறரைவிட ஐந்தாறு ஆண்டு முந்தி, சராசரியாக 53 வயதில் வருகிறது என்பது 2007இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வின் முடிவு. 2023ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவில் வயதுவந்தோருள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் போதிய உடலியக்கமின்றி வாழ்கிறார். பெற்றோரிடம் உட்கார்ந்திருங்கள் என்று சொல்லும் பிள்ளைகளின் வயது இன்று நாற்பத்தைந்துக்கும் அறுபதுக்கும் இடையில் இருக்கிறது. விடியற்காலையில் ரவாங்கிலிருந்து கோலாலம்பூருக்குக் கொமியூட்டர் ரயிலிலோ காரிலோ உட்கார்ந்து போய், அலுவலகத்தில் உட்கார்ந்து, இருட்டிய பின் உட்கார்ந்தே திரும்புகிறவர்கள் அவர்கள். விறைத்த இதயச் சுவர் மீண்டும் இளகுவதற்கு ஆய்வு காட்டிய காலம் அவர்களுடைய இந்த ஆண்டுகளே. வாரத்தில் நான்கு மாலைகள் பெற்றோரோடு சேர்ந்து நடக்கும் வீட்டில் தந்தைக்குக் கால் வலுவும், மகனுக்கு அதைவிடப் பெரிய ஆதாயமும் கிடைக்கும்.